முள் தானாக இறங்குமா என்று கேட்டாய்

அக்கா,

இன்று காலை பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எங்கள் தெருமுனையில் ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது. டிரைவர் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு, கிட்டே போகப் பயந்து நின்றார். ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. கூடவே அந்த வாசனை. கொதித்துப் போன கூலன்ட்டின் வாசனை, வெல்லப்பாகு அடிப்பிடித்தாற்போல ஓர் இனிப்பு, அதற்கடியில் சூடேறிய ரப்பர். நான் அங்கேயே நின்றுவிட்டேன். உதவிக்கு வந்தவன் என்று நினைத்துக்கொண்டு டிரைவர் கேட்டார், "தெர்மோஸ்டாட்டா இருக்கும்னு போன்ல சொல்றாங்க சார். உங்களுக்கு எதனா தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தெரிந்ததைத் தெரியாது என்பது எனக்குப் பழகிப் போயிருக்கிறது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வெள்ளைக் கார் தொண்ணூற்று ஆறில் உங்கள் வீட்டுக்கு வந்தது. மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. விழுப்புரம் ஸ்டேஷன் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்கும் கல்யாணம் காட்சிக்கும் ஆகும் என்று யாரோ ஓட்டிச் சலித்த காரை வாங்கிப் போட்டார். நீயோ தொண்ணூற்று மூன்றிலிருந்து தினமும் திண்டிவனம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்துகொண்டிருந்தாய். திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். வாரம் முழுவதும் வாசலில் சும்மா நின்ற காரை நான்கு மாதம் பார்த்தாய். பிறகு யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாய்.

லைசென்ஸைக் கொண்டுவந்து மாமாவின் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாயாமே. "இன்னாடி இது, ஊரு சிரிக்கப் போவுது" என்றாராம் அவர். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். எனக்கு ஒம்பது மணிக்கு பிரேயர் இருக்குது" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்த மூன்று வருஷங்களில் இருந்த அக்காவை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. பள்ளி விட்டதும் சில நாள் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாய். வாசலில் ஹாரன் ஒரே ஒரு தடவை. உள்ளே வந்து, காபி குடித்து, "இருட்டறதுக்குள்ள போறேன்டா" என்று கிளம்புவாய். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருவாய். என் மனைவிக்கு வலி எடுத்த அன்று நான் என்ன செய்வதென்று தெரியாமல் உன் பள்ளிக்குப் போன் செய்தேன். வகுப்பைப் பாதியில் விட்டு வந்து, அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, பாண்டிச்சேரி வரை ஓட்டிக்கொண்டு போனாய். வழியெல்லாம் நான்தான் அழுதேன். "டேய், புள்ள பெறப் போறது அவ. நீ கம்முனு வா" என்றாய்.

தொண்ணூற்று ஒன்பது கோடையில்தான் அந்தக் காருக்குச் சூடு பிரச்சினை வந்தது. டவுனுக்குள் நெரிசலில் நின்றால் சூடு காட்டும் மீட்டரின் முள் மேலே ஏறியது. கோலியனூர் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த பாய் பார்த்துவிட்டு, தெர்மோஸ்டாட் போய்விட்டது என்றார். "அது பேஜாரு புடிச்ச பார்ட்டும்மா. நம்ம வெயிலுக்கு எதுக்கு அது? கயட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது."

நீ ஒப்புக்கொள்ளவில்லை. "வேணாம்னா செஞ்சவன் எதுக்கு வெச்சான்? காரணம் இல்லாம வெப்பானா?" என்று என்னிடம் கேட்டாய். நான் உடனே முன்னால் வந்தேன். என் அலுவலகத்தில் ஃபேன் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தெருவில் பாதி மிக்ஸிகள் என் கைக்கு வந்து போனவை. அந்த மமதை. "ரெண்டு போல்ட்டு வேலைக்கா இது. பாண்டியில புதுசு வாங்கியாரேன். ஞாயித்துக்கெழமை வூட்லயே மாட்டிடலாம்."

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தோம். ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் இறக்கினேன். ஹோஸைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, பழைய தெர்மோஸ்டாட்டை நெம்பி வெளியே எடுத்தேன். நீ கையில் பேனாவோடு நின்றாய். "எந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு படம் போட்டு வெச்சுக்கலாமாடா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். "இதுல இன்னாக்கா படம்? ஒரு வளையம், ஒரு ஸ்பிரிங்கு."

மாட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றதும் நீதான். ஒரு பழைய குண்டானில் தண்ணீர் வைத்து, பழையதையும் புதியதையும் நூலில் கட்டி அதற்குள் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாய். உன் ஒன்பது வயது மகள் ரீட்டாவை ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தினாய். தண்ணீர் கொதி வரும் நேரத்தில் புதியது மெல்ல வாயைத் திறந்தது. பழையது அசையவில்லை. "உள்ள மெழுகு இருக்குது பாப்பா. சூட்டுல உருகி உப்பும். உப்பினா ஊசியத் தள்ளும், கதவு தொறந்துக்கும். அப்பத்தான் எஞ்சின் சுடுதண்ணி ரேடியேட்டருக்குப் போய் ஆறும்" என்றாய். திங்கட்கிழமை பழையதை வகுப்புக்கு எடுத்துப்போய்க் காட்டப் போவதாகச் சொன்னாய். ரீட்டாவைவிட உனக்குத்தான் சந்தோஷம்.

பிறகு மீன் குழம்பைப் பார்க்க உள்ளே போனாய். நான் வாசலுக்குப் போனேன். மாமா டிவியில் கிரிக்கெட் வைத்துவிட்டார். "மச்சான், டாஸ் போட்டாச்சு" என்று குரல் கொடுத்தார். நான் புதியதை எடுத்து உள்ளே வைத்து, மூடியைப் பூட்டி, போல்ட்டுகளை இறுக்கினேன். எந்தப் பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நொடி யோசித்தது ஞாபகம் இருக்கிறது. யோசித்துவிட்டு, சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்ததும் ஞாபகம் இருக்கிறது. பச்சைக் கூலன்ட்டை ஊற்றி, வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன். முள் பாதிக்கு வந்தது. நீ வாசலுக்கு வந்து, "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமேடா, முள் நிக்குதா பாக்கலாம்" என்றாய்.

"எல்லாம் சரியாக்கீது. சோறு போடுக்கா" என்று அணைத்துவிட்டேன்.

இன்னும் பத்து நிமிஷம் நின்றிருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை ரீட்டாவுக்குப் பள்ளி விடுமுறை. அவளையும் முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினாய். முண்டியம்பாக்கம் தாண்டி, விக்கிரவாண்டிக்கு முன்னால், ரோட்டோரப் புளியமரத்தடியில் கார் நின்றது. பானெட்டின் நாலா பக்கமும் ஆவி. எஞ்சின் இறுகிவிட்டது. ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்து, கோலியனூர் ரோட்டு ஷெட் வரை கொண்டுவந்து விட்டார்.

மாமா என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வந்து, நேராக ஷெட்டுக்குப் போனேன். பாய் எஞ்சினைத் திறந்து வைத்திருந்தார். எண்ணெய்க் கையால் அந்தத் தெர்மோஸ்டாட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"யாரு சார் இத மாட்டினது? தலகீயா மாட்டிக்கிறாங்க. ஸ்பிரிங்கு எஞ்சின் பக்கம் இருக்கணும். இப்டி வெச்சா சூடு அதுக்குத் தெரியாது. கதவு தொறக்காது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பிளாக்கில் கீறல் விழுந்துவிட்டது, ஹெட் வளைந்துவிட்டது என்று காட்டினார். பிறகு நான் கேட்காமலே ஒன்று சொன்னார்.

"அந்தம்மாவத் திட்டாதீங்க சார். அவங்க மேல தப்பில்ல. தண்ணி பூரா கொதிச்சு வெளிய போய்டுச்சுன்னா மீட்டருக்கு சூடு எட்டாது. ஏறின முள்ளு தானா கீய வந்துடும். பாக்கறவங்க சரியாப் போச்சுன்னுதான் நெனப்பாங்க."

அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வரும் வழியில் வாய்க்காலில் போட்டேன்.

அன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும்.

மாமா நாற்காலியில், நான் பெஞ்சில். நீ கதவோரம் நின்றிருந்தாய். "பாய் இன்னா சொன்னான்?" என்று மாமா கேட்டார். எஞ்சின் போய்விட்டது என்றேன். "நீ மாட்டினது?" என்றார். "அது சரியாத்தான் இருந்துச்சாம் மாமா" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது அது.

"அப்ப மீட்டரப் பாக்காம ஓட்டிருக்கா" என்றார் மாமா.

"பாத்தேங்க" என்றாய். "முண்டியம்பாக்கத்துல முள் மேல ஏறிச்சு. நிறுத்தலாம்னு ஓரங்கட்டினேன். அதுக்குள்ள தானா இறங்கிடுச்சு. சரி, சரியாயிடுச்சுன்னுதான் போனேன்."

மாமா சிரித்துவிட்டார். "எங்கனா முள்ளு தானா இறங்குமா? பாக்கல, பாக்கலன்னு சொல்லிட்டுப் போயேன். கதை சொல்றா பாரு."

நீ அவரிடம் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினாய். "டேய், நீ சொல்லு. காரணம் இல்லாம இறங்காது. ஏதோ காரணம் இருக்கும். பாய்கிட்ட கேட்டியா? முள் தானா இறங்குமாடா?"

காரணம் என் வாய்க்குள் இருந்தது, அக்கா. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கேட்டது. மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டேன்கா. அப்படியெல்லாம் இறங்காதுன்னு சொல்றாரு."

நீ என்னையே பார்த்தாய். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நீ என்னை நம்பினாய், உன் கண்ணை நம்பாமல் விட்டாய். "அப்ப நான்தான் சரியாப் பாக்கலயோ என்னமோ" என்று சொல்லிவிட்டு, விளக்குப் போட உள்ளே போனாய்.

கண்டாச்சிபுரத்து ஆள் ஒருவர் காரை இருந்தபடியே வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரமே நீ பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டாய். ஓய்வு பெறும்வரை பஸ்தான். முழங்கால் வீங்கியபோதும் பஸ்தான். மாமா கெட்டவர் இல்லை. உனக்காகத் தைலம் வாங்கிவந்து தேய்த்துவிட்டவர்தான். ஆனால் எந்த விசேஷத்தில் நாலு பேர் கூடினாலும் அந்தக் கதையை எடுப்பார். "எங்க வூட்டம்மா காரையே அவிச்சு எறக்கினவங்களாச்சே." எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். முதல் இரண்டு தடவை, "இல்லீங்க, முள் இறங்கிச்சு" என்று ஆரம்பித்தாய். பிறகு அதையும் விட்டுவிட்டாய். கடைசியில் நீயே, "ஆமா, நான் மீட்டரப் பாக்கல" என்று சொல்லிச் சிரித்ததை என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் கேட்டேன். கையில் பிரியாணித் தட்டோடு நானும் சிரித்தேன்.

சொல்ல நினைத்ததில்லை என்று சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் உன் கடைசி மாதத்தில் ஒரு மதியம் நாம் இருவர் மட்டும் இருந்தோம். அன்று சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். நீ கண்ணைத் திறந்து, "பஸ்ல உக்கார இடம் கெடச்சுதாடா?" என்று கேட்டாய். கிடைத்தது என்றேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை தின்றாய். நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

போன வருஷம் உன் வருஷப் பூசை. கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, விழுப்புரம் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா உன்னைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நீ லைசென்ஸ் எடுத்தது, காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தது. அப்புறம், கண்ணில் தண்ணீரோடு, "அப்புறம் ஒருநாளு காரையே அவிச்சுட்டா" என்றார். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். இனி நீ இல்லாமலே இந்தக் கதை சொல்லப்படும், உன் பேரனுக்குக்கூடச் சொல்லப்படும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சாப்பாடு முடிந்ததும் மாமாவைத் தோட்டத்துக் குழாயடியில் நிறுத்திச் சொல்லிவிட்டேன். தலைகீழாக மாட்டியது, பாய் சொன்னது, முள் ஏன் இறங்கியது, வாய்க்கால், எல்லாவற்றையும்.

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துக் குழாயை மூடினார்.

"நான் ரிட்டயர் ஆகி கார் வாங்கினனே மச்சான், அன்னிக்குக் கேட்டா. கோயில் வரைக்கும் நான் ஓட்டவான்னு. ஏற்கனவே ஒண்ண அவிச்சது போதும்னு சொன்னேன். சும்மா வெளையாட்டாத்தான் சொன்னேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போவாத. உள்ள வா. நான் யாரு யாருகிட்ட சிரிச்சேனோ அவங்க எல்லாரும் அங்க குந்திக்கினு இருக்காங்க. வந்து சொல்லு."

சொன்னேன். உன் கூடத்தில், உன் போட்டோவுக்குக் கீழே நின்று சொன்னேன். பாதியில் நாக்கு வறண்டது; யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. சொல்லி முடித்ததும் ரீட்டா, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள், கேட்டாள்.

"நானும் பாத்தேன் மாமா. முள் எறங்கினத அம்மா எனக்குக் காட்டினாங்க. நீங்க வந்த அன்னிக்கு சாயங்காலம் நானும் சொன்னேன். அப்பா, நீ போய்ப் படின்னு சொன்னாரு. நீங்க பெஞ்சில உக்காந்துக்கினு இருந்தீங்க. ஞாபகம் இல்லியா?"

இல்லை, அக்கா. அவள் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. நீ மட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு ஒன்பது வயதுக் குழந்தையின் கண்ணையும் சேர்த்துத்தான் பொய்யாக்கியிருக்கிறேன்.

நான் கிளம்பியபோது ரீட்டா, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கொண்டாந்து விடறேன்" என்று அவள் அப்பாவின் கார்ச் சாவியை எடுத்தாள். மாமா நகர்ந்து வழி விட்டார். அவள் உன்னைப் போலவே முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் சுடிதாரில் இருந்தாள், உன்னைவிட நிதானமாக ஓட்டினாள். கார் ரயில்வே மேம்பாலம் ஏறியது.

"ரீட்டா, என்னை மன்னி..." என்று ஆரம்பித்தேன்.

"நான் யாரு மாமா மன்னிக்கறதுக்கு? நீங்க அன்னிக்கே சொல்லிருந்தா அம்மா, லூசுன்னு திட்டிட்டு, அடுத்த நிமிஷமே மன்னிச்சிருப்பாங்க. அப்புறம் உங்களுக்கு சோறு போட்டிருப்பாங்க." அவள் கண் ரோட்டிலேயே இருந்தது. "அதுதான் எனக்குக் கோவமா இருக்குது."

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, "பாத்துப் போங்க" என்று சொன்னாள். இன்றுவரை அவள் எனக்குப் போன் செய்ததில்லை. நான் செய்தால் எடுக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள்.

திண்டிவனம் பஸ்ஸில் பாதி சீட்டு காலி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் இரண்டு தடவை, "சீட்டு காலியாக்கீது சார், குந்துங்க" என்றார். விக்கிரவாண்டி வரும்போதே எனக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. கூட்டேரிப்பட்டு வரை பல்லைக் கடித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். என்னால் ஒரு நாள்கூட முடியவில்லை.

உனக்குப் பயந்து நான் மறைக்கவில்லை. நீ மன்னிப்பாய் என்று எனக்கு அன்றே தெரியும். மாமா என்னைப் பார்த்து ஒரு சாயங்காலம் சிரிப்பாரே, அதற்குப் பயந்துதான் மறைத்தேன். அந்தச் சிரிப்பை உன் தலையில் கட்டிவிட்டேன். அது அங்கேயே தங்கிவிட்டது. இப்போது உன் வீட்டில் யாரும் அந்தக் கதையைச் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டேன். மாமாதான் எல்லோருக்கும் போன் போட்டு, அது மச்சான் செய்த தப்பு, அவள் பார்த்தது சரி என்று சொன்னாராம். எண்பதை நெருங்கும் மனிதர், ஒவ்வொருவராக.

என்னிடம் மிச்சம் இருப்பது ரீட்டாவின் கோபம்தான். நீ என் மேல் ஒருநாளும் படாத கோபம் அது. உனக்குப் பதிலாக அவள் படுகிறாள். சீக்கிரம் தீர்ந்துவிட வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானே அவளுக்குப் போன் செய்கிறேன்.

உன் தம்பி